ஒத்தடம் இருக்க ‘குளிர் சுருக்கம்’ எதற்கு?

“புண் தசைகளுக்குக் குளிர் சுருக்கத்தை 20 நிமிடங்கள் விண்ணப்பிக்கவும்.”

எங்கள் தெருப் பையன் ஒருவன் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த முதல் நாளே நூறு தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்தான். மறுநாள் அவனால் மாடிப்படி இறங்க முடியவில்லை. அங்கே கொடுத்த தாளில் இருந்த வரிதான் மேலே இருப்பது. “புண் எதுவும் இல்லையே மாமா, சுருக்கம்னா என்ன?” என்று கேட்டபடி வந்து நின்றான். ஏதோ இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டு, ஐஸ் பையைத் தொடையில் வைத்து எலாஸ்டிக் பட்டியால் சுற்றி, அப்படியே தூங்கியும் போயிருக்கிறான். பட்டியை அவிழ்த்துக் காட்டினான். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து மரத்துப் போயிருந்தது. இந்தச் ‘சுருக்கம்’ பலமுறை கண்ணில் பட்டும் கடந்து போயிருக்கிறேன். அந்தத் தோலைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்திலிருந்து கணினி பெயர்த்த அந்த வரி சொல்ல வந்தது ஒத்தடம். அவ்வளவுதான்.

‘ஒற்று’ என்றால் மெல்ல அழுத்தி எடுப்பது. வியர்வையை ஒற்றி எடுக்கிறோம், திருநீற்றுத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். கட்டு என்பதிலிருந்து கட்டடம் வந்த மாதிரி, ஒற்று என்பதிலிருந்து ஒற்றடம். நேற்று நேத்து ஆவது போல, காற்று காத்து ஆவது போல, ஒற்றடம் பேச்சில் ஒத்தடம் ஆனது. சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. கட்டு, பற்று, வேது (ஆவி பிடித்தல்), தொக்கணம் (உடம்பைப் பிடித்துவிடுதல்) என்று போகும் அந்த வரிசையில் ஒற்றடமும் ஒன்று. ‘ஒற்றடம் என்றுதான் எழுத வேண்டும்’ என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வலியோடு படிக்கிறவனுக்கு எழுதும்போது அவன் வாயில் இருக்கும் வடிவத்தை எழுதுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

இனி அந்தச் ‘சுருக்கம்’. ஆங்கிலத்தில் கம்ப்ரெஸ் என்பது வினையாக வந்தால் அமுக்குவது, சுருக்குவது. பெயராக மருத்துவத்தில் வந்தால், உடம்பின் மேல் வைத்து அழுத்தும் துணி அல்லது பை. கணினி மொழிபெயர்ப்பு வினையின் பொருளை எடுத்துப் பெயரின் இடத்தில் வைத்துவிடுகிறது. அது இயந்திரம், போகட்டும். ஆனால் அதைப் பார்த்து அச்சுக்கு அனுப்பும் மனிதர் ஒருவர் இருக்கிறாரே! அவர் வீட்டிலும் யாராவது எப்போதாவது ஒத்தடம் கொடுத்திருப்பார்கள்.

‘சுருக்கம்’ தவறு என்று உணர்ந்த சிலர் ‘குளிர் அமுக்கம்’, ‘குளிர் அழுத்தம்’ என்று மாற்றுகிறார்கள். இது இன்னும் ஆபத்து என்பேன். ‘சுருக்கம்’ புரியாததால் நாலு பேர் யாரையாவது கேட்பார்கள். ‘அமுக்கம்’ புரிந்த மாதிரியே இருக்கும். அடிபட்டால் செய்ய வேண்டியதாக அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978இல் நான்கு படிகளைச் சொன்னார்: ஓய்வு, ஐஸ், கம்ப்ரெஷன், உயர்த்தி வைத்தல். அதில் மூன்றாவது, வீக்கம் ஏறாமல் பட்டியால் சுற்றிக் கட்டுவது. கம்ப்ரெஸ் வேறு, கம்ப்ரெஷன் வேறு. முன்னது சில நிமிடம் வைத்து எடுப்பது. பின்னது கட்டியபடி விடுவது. இரண்டுக்கும் ‘அமுக்கம்’ என்றே போட்டால், ஐஸை வைத்துக் கட்டிக்கொண்டு தூங்குகிற பையன்கள்தான் மிஞ்சுவார்கள். முன்னதற்கு ஒத்தடம், பின்னதற்கு இறுக்கக் கட்டு. ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து வந்து குழப்பும் இரண்டையும் தமிழ் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. அந்த வசதியை விட்டுவிட்டுக் குழப்பத்தை மட்டும் இறக்குமதி செய்வானேன்?

மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இதற்கு ஒரு மறுப்புச் சொன்னார்: “ஒத்தடம் என்றாலே சூடுதான். ஐஸுக்கு எப்படிப் பொருந்தும்?” நியாயமான கேள்வி. தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம், சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றிக் கொடுக்கும் ஒத்தடம் என்று வீட்டில் பார்த்ததெல்லாம் சூடாகவே இருந்ததால் காதுக்கு அப்படிப் பழகிவிட்டது. ஆனால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள், அதில் சூடு எங்கே இருக்கிறது? ஒற்றுகிற செயல் மட்டுமே இருக்கிறது. சூட்டைத் தன்னுள்ளே வைத்திருப்பது ஆங்கிலத்தின் ஃபோமென்டேஷன். அது வெதுவெதுப்பாக்குவது என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அகராதியில் ஒத்தடத்துக்கு நேராக அந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்து, அதன் சூட்டை இதன் தலையில் ஏற்றிவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது. முன்னால் ‘ஐஸ்’ என்று ஒரு சொல் சேர்த்தால் சந்தேகம் தீர்ந்தது. கபடி ஆடும் பிள்ளைகளே ‘ஐஸ் ஒத்தடம்’ என்று சொல்லும்போது, மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் ஏன் தயக்கம்?

‘வெப்ப சிகிச்சை, குளிர் சிகிச்சை’ என்று எழுதுகிறவர்கள் பொருளைக் கெடுக்கவில்லை. சிகிச்சை வடசொல் என்பதும் என் குறை இல்லை. அது மிகவும் பொத்தாம்பொதுவானது என்பதே குறை. பையை வைப்பதா, தொட்டியில் இறங்குவதா, ஆவி பிடிப்பதா? தொட்டியில் இறங்கினால் ஐஸ் குளியல், ஆவி பிடித்தால் வேது, வைத்து வைத்து எடுத்தால் ஒத்தடம். செய்ய வேண்டியது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

வலிக்கிற தசையைச் சொல்லும் ஆங்கில ‘சோர்’ என்பதைப் புண்ணாக்கிய ‘புண் தசை’யையும் விட முடியாது. பழக்கமில்லாத பயிற்சி செய்தபின் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு மெல்லத் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும் அந்த வலி புண் இல்லை. லாக்டிக் அமிலம் தேங்கியதாலும் இல்லை. அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் வெளியேறிவிடும். தசைநார்களில் ஏற்படும் மிக நுண்ணிய சிதைவும், உடம்பு அதைச் சரிசெய்யும் வேலையும்தான் அந்த வலிக்குக் காரணம். இதற்கும் தமிழில் சொல் இருக்கிறது: உளைச்சல். நாள் முழுக்க நாற்று நட்டு வந்த பாட்டி “இடுப்பெல்லாம் உளையுது” என்பாள். மனத்துக்கு மட்டும் என்று அந்தச் சொல்லை ஒதுக்கி வைத்து, ‘மன உளைச்சல்’ தவிர வேறெங்கும் எழுதாமலே விட்டுவிட்டோம். ‘தசை உளைச்சல்’ என்று எழுதினால் யாரும் புண்ணைத் தேட மாட்டார்கள்.

ஆங்கில ‘அப்ளை’யை அப்படியே பெயர்த்த ‘விண்ணப்பிக்கவும்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒத்தடத்தைக் கொடுக்கத்தான் முடியும். ‘ஒத்தடம் கொடு’ என்பதில் கொடுக்கும் ஒரு கையும் வாங்கும் ஓர் உடம்பும் இருக்கின்றன. சின்ன வயதில் கண்ணில் அடிபட்டு ஓடி வந்தால், அம்மா முந்தானை நுனியைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதி, அந்தச் சூடு ஆறுவதற்குள் கண்மேல் வைப்பாள். மறுபடி ஊதுவாள், மறுபடி வைப்பாள். ஒற்றுதல் என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்த முந்தானையில்தான்.

எது எப்போது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நரம்பை மரக்கச் செய்யும். அதனால் புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்துக்கு ஐஸ். சூடு குழாய்களை விரித்துத் தசையைத் தளர்த்தும்; வீக்கமில்லாத இறுக்கத்துக்கு வெந்நீர்ப் பை. ஐஸைப் பரிந்துரைத்த மிர்கினே, அது ஆறுவதைத் தாமதமாக்கலாம் என்று 2014இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆக ஐஸ் வலியைக் குறைக்க மட்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான்.

அந்தப் பையனின் தாளின் பின்பக்கம் இப்படி எழுதிக் கொடுத்தேன்: “தசை உளைச்சல் இருந்தால் ஐஸைத் துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கவும். கட்டி வைக்க வேண்டாம். மறுநாளும் இறுக்கமாக இருந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம்.” படித்தான். ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டுக்குப் போனான்.