மல்லிகைத் தொட்டியிலிருந்து வந்த சிலந்தி

"அண்ணா, இலையில வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழுந்திருக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?"

மாதத்துக்கு இரண்டு தடவையாவது இப்படி ஒரு போன் வரும். கூப்பிடுகிறவர் கனடாவில் ஸ்கார்பரோவிலோ பிராம்டனிலோ வீட்டு பேஸ்மென்டில் கூடாரம் போட்டு கஞ்சாச் செடி வளர்ப்பவராக இருப்பார். நான் மருந்துப் பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். "போன ஒரு மாதத்துல அந்த அறைக்குள்ள புதுசா என்ன கொண்டு போனீங்க?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். முதல் பதில் எப்போதும் "ஒண்ணுமில்லையே" என்பதுதான். ஐந்து நிமிடம் பேசினால் நண்பர் கொடுத்த நாற்று, பிரித்து வைத்த மண் மூட்டை, தோட்டத்து வேலைக்கும் எடுத்த அதே கத்தரிக்கோல் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொருள். ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியவர்கள் வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். வியாபாரத்துக்கு வளர்க்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். அப்படி உரிமம் உள்ள ஒரு கூடத்தில் பூச்சி, நோய் கண்காணிப்பது என் பொறுப்பு. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு இது செய்முறைக் குறிப்பு அல்ல. அங்கே 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி வீட்டில் ஒரு செடி வைத்தாலும் குற்றம்தான்.

சரி, சிலந்திக்கு வருவோம். இலையில் ஊசியால் குத்தியது போல் வெளிறிய புள்ளிகள் விழுந்தால் பெரும்பாலும் அது இரண்டு புள்ளிச் சிலந்தி, அதாவது இலைச் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன். அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வெளியே தோட்டத்தில் மழை அதை அடித்துக் கழுவும், காற்று உதிர்க்கும், தின்பதற்கென்றே வேறு பூச்சிகள் இருக்கும். நாம் கட்டிய அறைக்குள் இது எதுவும் கிடையாது. வருடம் முழுக்க ஒரே இதமான சூடு, விட்டு விட்டு வெளிச்சம், மெல்லிய இளம் இலை. சிலந்திக்கு அது மறுவீட்டு விருந்து. 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டை முழுச் சிலந்தியாகிவிடும். ஒரு பெண் சிலந்தி நூறு முட்டைக்கு மேல் இடும். ஆண் துணையே இல்லாமல் வந்தாலும் முட்டை இடும். அதிலிருந்து ஆண் குஞ்சுகள் மட்டும் பிறக்கும். பிறகு அவற்றோடே சேர்ந்து பெண் சந்ததியும் உண்டாகும். அதாவது ஒரு அறையை நாசமாக்க ஒரே ஒரு சிலந்தி போதும்.

அந்த ஒன்றை நானே ஒரு தடவை சுமந்துகொண்டு போயிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், நவம்பர் மாதம். இங்கே அக்டோபர் முடிவதற்குள் உறைபனி வந்துவிடும் என்பதால் தமிழர் வீடுகளில் கறிவேப்பிலை, மல்லிகைத் தொட்டிகள் எல்லாம் உள்ளே ஏறிவிடும். எங்கள் வீட்டிலும் ஹீட்டர் துவாரத்துக்குப் பக்கத்தில் மல்லிகைத் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை அதில் காய்ந்த கொடிகளை வெட்டி விட்டேன். திங்கள் காலை அதே ஸ்வெட்டரோடு வேலைக்குப் போனேன். கூடத்தில் உடை மாற்றும் அறை உண்டு. ஸ்வெட்டரைக் கழற்றி, துவைத்து வைத்திருந்த கவராலுக்கு (கூடத்துக்குள் போடும் முழு உடை) பக்கத்துக் கொக்கியில் மாட்டினேன். இரண்டும் உரசிக்கொண்டுதான் தொங்கின.

பத்து நாள் கழித்து மூன்றாவது வரிசையில் ஓர் இலையைத் திருப்பி, விளக்கை நோக்கிப் பிடித்து, லென்ஸை வைத்தேன். நடு நரம்பை ஒட்டி நாலைந்து முட்டைகள். கண்ணாடி மணி போல உருண்டையாக, பளபளவென்று. பக்கத்தில் முதுகின் இரு ஓரமும் கறுப்புப் பொட்டு வைத்த ஒரு சிலந்தி, அவசரமே இல்லாமல் நடந்து போனது. செடிக்குச் செடி பார்த்து வரைபடத்தில் குறித்தபோது, பாதிப்பு முழுவதும் நான் வழக்கமாகக் கண்காணிப்பைத் தொடங்கும் மூலையிலிருந்து விரிந்திருந்தது. வீட்டுக்குப் போய் மல்லிகை இலையின் அடியில் அதே லென்ஸை வைத்தேன். நூலாம்படையே கட்டியிருந்தது. என் ஸ்வெட்டரிலிருந்துதான் வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குச் சந்தேகமில்லை. மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். நாற்பது செடிகளை நின்ற இடத்திலேயே கறுப்புப் பைக்குள் போட்டுக் கட்டி வெளியேற்றினோம். அதன் பிறகு எங்கள் கூடத்தில் வேலைக்குச் சேரும் எவரிடமும் "வீட்டுக்குள் செடி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்கிறோம். சொந்த உடைக்கும் கூடத்து உடைக்கும் தனித்தனி அலமாரி வந்தது.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கும் இதே கதைதான். மிளகாய் நாற்று, கறிவேப்பிலை, கஞ்சா மூன்றும் ஒரே ஜன்னலோரம் இருந்தால் பூச்சிக்கு அது ஒரே வீடு. வெளித் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு அப்படியே கூடாரத்தின் ஜிப்பைத் திறக்காதீர்கள். செடிகளைப் பார்க்கிற வேலையைக் காலையில், குளித்து உடை மாற்றிய கையோடு முடித்துக்கொள்ளுங்கள். கூடத்தில் எங்கள் நடை வரிசையும் அப்படித்தான்: முதலில் குச்சி வெட்டி எடுக்கும் தாய்ச் செடிகள், பிறகு வேர் விட வைத்த குச்சிகள், பிறகு வளரும் செடிகள், கடைசியில் பூ அறை, கழிவு அறை. பூ அறைக்குள் போன ஆள் அன்றைக்குத் தாய்ச் செடிப் பக்கம் திரும்பக் கூடாது. தலைவலை, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு போனை மட்டும் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் போனைக் கழுவுவது யார்?

புதுக் குச்சி வாங்கினால் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று, வேறு அறையில் வையுங்கள். கண்ணுக்குத் தெரிவதையே நம்பக் கூடாது. கஞ்சாவில் வருகிற ரசெட் சிலந்தி 0.2 மில்லிமீட்டர்தான். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருள்வதைப் பார்த்துத் தண்ணீர் குறை, உரக் குறை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதற்குள் அது உச்சி வரை ஏறியிருக்கும். ஊரில் அப்பாவின் மிளகாய்த் தோட்டத்தில் இலை சுருண்டால் "முரணை" என்பார். அது ரசெட் இல்லை, வேறு சிலந்தி. அந்த முரணைச் சிலந்தியையே இங்கே கஞ்சாச் செடியில் பார்த்தபோது பழைய பங்காளியைப் பார்த்தது போல் இருந்தது.

அப்படியானால் மருந்து அடித்தால் என்ன? தக்காளியைக் கழுவிச் சாப்பிடுகிறோம். கஞ்சாப் பூவை யாரும் கழுவுவதில்லை. காயவைத்துக் கொளுத்தி நுரையீரலுக்குள் இழுக்கிறார்கள். சாம்பல் நோய்க்கு அடிக்கும் மைக்ளோபியூட்டனில் என்ற மருந்தைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு வரும். 2016 இறுதியிலும் 2017இலும் கனடாவில் மருத்துவக் கஞ்சாவிலேயே இந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்டு சரக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அதன் பிறகு, 2019 ஜனவரியிலிருந்து, உரிமக்காரர்கள் 96 பூச்சிக்கொல்லிப் பொருட்களுக்குச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்று ஆனது. வீட்டுக் கூடாரத்துக்குச் சோதனைக்காரர் வர மாட்டார். அடித்தவரே இழுக்கிறார், அவ்வளவுதான். வேப்பெண்ணெய் பற்றியும் கேட்பார்கள். நமக்கு அது தாய் வீட்டுச் சரக்கு ஆயிற்றே. பூ பிடித்த செடியில் எந்த எண்ணெயும் வேண்டாம் என்பதே என் பதில்.

பூசணம் வேறு விதத் தொல்லை. விளக்கு அணைந்ததும் அறையின் வெப்பம் இறங்கும், ஈரப்பதம் ஏறும். அடர்ந்த பூவின் நடுவில் அந்த ஈரம் தங்கினால் உள்ளேயே அழுகும். வெளியே ஒரு சின்ன இலை மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். அந்த இலையைக் கண்டால் பூவைப் பிளந்து பாருங்கள், சாம்பல் நிறப் பஞ்சு தெரியும். கெட்ட பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காயவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்காக வளர்க்கிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூசணங்கள் உயிருக்கே உலை வைக்கும். பூ அறையில் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்து, இலைகளுக்கு இடையே காற்று ஓட வழி விடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, அறுவடை முடிந்து காலியான அறையைக் கழுவுவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும் அறையில்தான் சிலந்தி ஒளிந்திருக்கும். பகல் குறைந்து குளிரும் சேர்ந்தால் பெண் சிலந்திகள் ஆரஞ்சு நிறத்துக்கு மாறி, சாப்பாடு இல்லாமல் விரிசல்களில் பதுங்கும். அடுத்த பயிர் வந்ததும் இறங்கி வரும். அதனால் முதலில் உதிர்ந்த இலை ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். செடி சாயாமல் கட்டிய வலையைக் காசு பார்க்காமல் குப்பையில் போட வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர், கூரையிலிருந்து தரை நோக்கி. அதை அலசிய பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேல் பிளீச்சை ஊற்றினால் பிளீச் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. தெளித்தவுடன் துடைக்கவும் கூடாது. டப்பாவில் எழுதிய நேரம் வரை, பெரும்பாலும் பத்து நிமிடம், ஈரமாகவே நிற்க வேண்டும். பிளீச்சோடு வினிகரையோ அமோனியா கலந்த கிளீனரையோ சேர்த்துவிடாதீர்கள். மூடிய பேஸ்மென்டில் அந்த வாயு ஆளையே சாய்த்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு நான் தேடும் இடங்கள் மூன்று: தள்ளுவண்டிச் சக்கரம், ஈரம் உறிஞ்சும் மெஷினின் ஃபில்டர், ஸ்டூலின் அடிப்பக்கம். மூன்றில் ஒன்றில் காய்ந்த இலை அகப்படாத நாள் அபூர்வம்.

கத்தரிக்கோல் தனிக் கதை. ஹாப் லேட்டன்ட் வைராய்டு என்று ஒன்று, வைரஸை விடவும் சின்னது. செடி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பூ மட்டும் சிறுத்து, பிசின் இல்லாமல் போகும். 2019இல் கலிபோர்னியாவில் கஞ்சாவில் அடையாளம் கண்டார்கள். ஒரு தாய்ச் செடியில் வைத்த கத்தரியை அடுத்ததில் வைத்தாலே தொற்றும். ஆல்கஹாலில் துடைத்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், இதற்கு அது போதாது. பத்தில் ஒரு பங்கு பிளீச் கலந்த தண்ணீரில் முக்குகிறோம். நாலைந்து கத்தரிகளைச் சுழற்சியில் வைத்தால் ஒன்று ஊறும்போது இன்னொன்று வெட்டும்.

மண் மேல் சின்னக் கறுப்பு ஈ பறக்கிறது என்றால் நீங்கள் தண்ணீர் அதிகம் விடுகிறீர்கள். பங்கஸ் நாட் என்பார்கள். ஈயை விட மண்ணுக்குள் இருக்கும் புழுதான் வேரைக் கடிக்கும். ஒரு துண்டு உருளைக்கிழங்கை வெட்டி மண் மேல் கவிழ்த்து வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் திருப்பினால் கறுப்புத் தலையோடு வெள்ளைப் புழுக்கள் ஒட்டியிருக்கும். மேல் மண்ணைக் காயவிட்டாலே பாதி போய்விடும். மீதிக்குப் புழுவைத் தின்னும் நூற்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறோம். சிலந்திக்கும் அதைத் தின்னும் இன்னொரு சிலந்தி டப்பாவில் கிடைக்கிறது. ஆனால் தொற்று முற்றிய பிறகு வாங்கினால் காசுக்குக் கேடு.

அந்தப் போன் தம்பிக்கும் கடைசியில் ஒன்று ஞாபகம் வந்தது. நண்பர் கொடுத்த ஒரு குச்சியை அப்படியே கூடாரத்துக்குள் நட்டிருந்தார். "எந்தச் செடின்னு தெரியுமா?" என்றேன். தெரியும் என்றார். அதன் மேல் பையைக் கவிழ்த்து, அடியில் கட்டி, பிறகு வெட்டி எடுக்கச் சொன்னேன். குலுக்காமல். மற்ற மூன்றின் அடி இலைகளையும் மூன்று நாளைக்கு ஒரு தடவை லென்ஸில் பார்க்கச் சொன்னேன்.

"லென்ஸ் எங்க அண்ணா கிடைக்கும்?"

"இருபது டாலருக்குள்ள ஆன்லைன்லயே வரும். வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுல மல்லிகை இருக்கான்னு சொல்லு."

சிறிது நேரம் சத்தமில்லை. அப்புறம், "அம்மா மூணு தொட்டி வச்சிருக்காங்க" என்றார்.