படுக்கைப் புண்ணா, அழுத்தக் காயமா?

நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் வால் எலும்புப் பகுதியிலோ குதிகாலிலோ தோலும் அதன் அடியிலுள்ள தசையும் கெட்டுப்போவதைப் படுக்கைப் புண் என்று சொல்லி நமக்குப் பழக்கம். மருத்துவமனை வார்டுகளில் அது பெட்சோர். செவிலியர் பயிற்சியில் இப்போது கற்பிக்கப்படும் சொல் பிரஷர் இன்ஜுரி. இதற்கு நேரான தமிழாக அழுத்தக் காயம் என்பதையே நான் பரிந்துரைப்பேன். சொல் புதிதாக இருக்கிறது என்பதற்காக அன்று. படுக்கைப் புண் என்னும் தொடரின் இரண்டு பகுதிகளுமே, செவிலியர் எங்கே பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்பதைத் தவறாகக் காட்டுகின்றன என்பதற்காக.

பழைய மருத்துவ நூல்களில் இதன் பெயர் டெக்யூபிட்டஸ் அல்சர். அல்சர் என்றால் புண். படுத்துக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது டெக்யூபிட்டஸ். அதற்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் கிடை. 'கிடையாய்க் கிடக்கிறார்' என்று ஊர்ப்புறத்தில் சொல்லும்போது அதே பொருள் அப்படியே வந்துவிடுகிறது. கிடைப்புண் என்று பெயரிட்டிருந்தால் அழகான மொழிபெயர்ப்பாகவே இருந்திருக்கும். ஆனால் மூலச் சொல்லிலேயே குறை இருக்கிறது. எலும்புக்கும் வெளிப்பரப்புக்கும் இடையில் தசை நசுங்கி, நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு, அந்த இடம் உயிரிழப்பதே இதன் அடிப்படை. தலைப்பக்கம் உயர்த்தப்பட்ட கட்டிலில் நோயாளி மெல்ல மெல்லக் கீழே சரியும்போது தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளிருக்கும் எலும்பு நகர்வதால் உண்டாகும் இழுவையும் இதே கேட்டைச் செய்யும். இவற்றுக்குப் படுக்கைதான் வேண்டும் என்பதில்லை. சக்கர நாற்காலியில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்கு உட்காரும் எலும்பின் மேலும், ஆக்சிஜன் முகமூடி அணிந்தவருக்கு மூக்குத் தண்டின் மேலும், மூக்கு வழி உணவுக்குழாய் போட்டவருக்கு நாசியின் ஓரத்திலும் இது வரும். படுக்கை என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய கண் முகமூடியின் அடியில் தேடுவதில்லை.

அடுத்தது புண். பழந்தமிழில் புண் என்பது ஆயுதத்தால் பட்ட காயத்தையும் குறித்தது; வள்ளுவர் சொல்லும் விழுப்புண் போர்க்களத்தில் பட்டதே. இன்றைய வழக்கிலோ தோல் திறந்து, நீர் கசிந்து, ஆறாமல் இருப்பதைத்தான் புண் என்கிறோம். இங்கேதான் இடர் தொடங்குகிறது. இதை ஒன்று முதல் நான்கு வரை நிலைகளாகப் பிரிப்பார்கள்; முதல் நிலையில் தோல் கிழிவதே இல்லை. ஆழ்திசுக் காயம் எனப்படும் வகையிலும், மேல்தோல் முழுமையாக இருக்கும்போதே, உள்ளே தசை நொந்து கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியலாம். பதிவுப் படிவத்தில் புண் உண்டா என்று கேட்கும் இடத்தில் செவிலியர் 'இல்லை' என்று எழுதுவார். அவர் எழுதியது பொய்யும் அன்று. ஆனால் திருத்தக்கூடிய நேரம் அந்த ஒரு சொல்லிலேயே கழிந்துவிடும்.

இந்தக் காரணத்தை முன்வைத்தே இத்தகைய புண்களுக்கான அமெரிக்காவின் தேசிய ஆலோசனைக் குழு 2016 ஏப்ரலில் அல்சர் என்பதை விடுத்து இன்ஜுரி என்று பெயரை மாற்றியது. ஆஸ்திரேலியாவில் அச்சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. ஐரோப்பாவில் பழைய பெயரே நீடிக்கிறது. மூன்று தரப்பும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில் இரண்டு பெயர்களும் சாய்கோட்டுடன் அருகருகே நிற்கின்றன. காயம் என்றால் யாரோ உண்டாக்கியது என்று தொனிக்கும், வழக்குகளுக்கு இடம் கொடுக்கும் என்ற அச்சம் எதிர்ப்புக்கு ஒரு காரணம். அந்த அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் அது நோயின் குற்றமன்று, பராமரிப்பின் குற்றமே என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இலேயே எழுதிவிட்டார். அதன் சுமையை இன்றும் வார்டில் நிற்பவர்களே தாங்குகிறார்கள். ஆயினும் பழிக்கு அஞ்சித் தாமதமாகப் பதிவு செய்வதைவிட, தொடக்கத்திலேயே பதிவு செய்வதுதான் செவிலியருக்கும் பாதுகாப்பு.

இன்ஜுரிக்கு ஊறு என்ற பழஞ்சொல்லையும் கருதலாம். 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்னும் குறளில் ஊறு தொடு உணர்வைக் குறிக்கும். வேறிடங்களில் தீங்கைக் குறிக்கும். தொடுதலும் தீங்கும் ஒரே சொல்லில் அமைவது இந்த நோய்க்கு வியக்கத்தக்க பொருத்தம். ஆனால் இரவுப் பணியில் ஒருவரிடமிருந்து இன்னொருவர் பொறுப்பேற்கும்போது 'அழுத்த ஊறு' என்றால் புரியாது. காயம் என்றால் உடனே புரியும். இரத்தம் வராத அடியையும் நாம் உள்காயம் என்றே சொல்கிறோம் அல்லவா? அந்த ஒரு வழக்கு போதும், இச்சொல்லின் தகுதியை நிறுவ.

துணைச் சொற்களிலும் இதே கவனம் வேண்டும். ஸ்டேஜ் என்பதற்குக் கட்டம் என்று எழுதினால், ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று வரிசையாகவே முற்றும் என்ற எண்ணம் வந்துவிடும். உண்மையில் ஆழ்திசுக் காயம் நேரடியாக எலும்பு வரை திறந்துகொள்ளலாம். நிலை என்பது இருக்கும் தன்மையை மட்டும் சொல்வதால் அதுவே சரி. கறுத்துக் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் இறந்த திசுவுக்கு ஆங்கிலத்தில் எஸ்கார் என்று பெயர். அடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் கரும்பொருக்கு எனலாம். அது அடிப்பரப்பை மூடியிருக்கும்போது ஆழம் தெரியாது. ஆகவே நிலையின் எண்ணை ஊகித்து எழுதாமல் 'நிலை கணிக்க இயலாதது' என்றே குறிக்க வேண்டும்.

முதல் நிலையின் வரையறையில் வரும் 'வெளிறாத சிவப்பு' என்ற தொடரைத் தமிழ்நாட்டில் கற்பிக்கும்போது தனியே விளக்கியாக வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இயல்பான தோல் ஒரு கணம் வெளிறித் திரும்பும். காயமுற்ற இடம் வெளிறாது. நம்மில் பலருடைய கருநிறத் தோலில் சிவப்பும் தெரியாது, வெளிறலும் தெரியாது. அங்கே புறங்கையை வைத்துச் சூடோ குளிர்ச்சியோ இருக்கிறதா, சுற்றியுள்ள பகுதியைவிடக் கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பார்ப்பதே வழி. சிவப்பு என்ற சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவர் இதைத் தவற விடுவார்.

பதிவில் 'ஒரு ரூபாய் அளவு' என்று எழுதுவதும் கைவிட வேண்டிய வழக்கம். தலை முதல் கால் திசையில் நீளம், அதற்குச் செங்குத்தாக அகலம், பஞ்சுக் குச்சியால் ஆழம் என மூன்றும் சென்டிமீட்டரில் வர வேண்டும். ஓரத்தின் அடியில் குழிந்திருந்தால் தலைப்பக்கத்தைக் கடிகாரத்தின் 12 எனக் கொண்டு இடம் குறிக்க வேண்டும். நான்காம் நிலைக் காயம் ஆறிச் சிறிதானால் அதை மூன்று என்று எழுதலாமா என்று பயிற்சியில் கேட்பதுண்டு. கூடாது. இழந்த தசையும் கொழுப்பும் திரும்ப வளர்வதில்லை. வடுத்திசுவே பள்ளத்தை நிரப்புகிறது. ஆகவே அது ஆறிவரும் நான்காம் நிலை, பின்னர் ஆறிய நான்காம் நிலை.

நோயாளியின் மகளிடம் பேசும்போது படுக்கைப் புண் என்றே சொல்லலாம். அவருக்குத் தெரிந்த சொல் அதுதான். 'புண் இன்னும் வரவில்லை, ஆனால் இந்த இடத்தில் அழுத்தக் காயம் தொடங்கிவிட்டது, இனி இந்தப் பக்கமாகப் படுக்கவைக்க வேண்டாம்' என்று சொன்னால், இரண்டு சொற்களும் தத்தம் இடத்தில் நின்றுவிடும்.