தரிசு என்று பேர் வாங்கிய காடு

அமெரிக்காவில் மக்கள் நெருக்கம் மிகுந்த மாநிலம் நியூஜெர்சி. அதன் தென்பாதியில், நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் எட்டும் தூரத்தில், சுமார் 11 லட்சம் ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது ஒரு நிலம். பெரும்பகுதி பைன் காடு. லெனாபி பழங்குடியினர் வேட்டையாடித் திரிந்த இடம். பின்னால் வந்து குடியேறிய ஐரோப்பிய உழவர்கள் தங்கள் ஊர்ப் பயிர்களை விதைத்துப் பார்த்தார்கள், தேறவில்லை. வெறுத்துப்போய் 'பைன் பேரன்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பைன் மரம் நிற்கும் தரிசு. ஏர் பிடித்தவனின் கோபத்தில் பிறந்த பெயர் அது. காட்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மண் என்று பார்த்தால் மணல்தான். மழை விழுந்த வேகத்தில் கீழே இறங்கிவிடும், போகிற போக்கில் சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். பைன் ஊசிகள் எளிதில் மட்காது. மட்கும்போது அமிலத்தைத்தான் விடும். காலால் கீறினால் மேலே சாம்பல் வெளுப்பில் மணல், இன்னும் தோண்டினால் துருவின் நிறம். தரைக்கு அடியில் தண்ணீர் கடலாக நிற்க, தரைமேல் சருகு காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும்.

இங்கே ஆளும் மரம் பிட்ச் பைன். அதன் பிழைப்பே நெருப்போடுதான். பட்டை கனமானது, அதற்கு அடியில் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். மேலே கிளையெல்லாம் எரிந்து போனாலும் சில வாரங்களில் கரிந்த தண்டிலிருந்தே பச்சை ஊசிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். இளங்கன்று செய்கிற காரியம் இன்னும் நுட்பமானது. முளைத்த சில ஆண்டுகளில் அதன் அடித்தண்டு வளைந்து தரையோடு படிந்து, அடிமொட்டுகளை மண்ணுக்குள் புதைத்துக்கொள்கிறது. தண்டு எரிந்தாலும் அங்கிருந்து துளிர்க்கும்.

காட்டின் நடுவே பல ஆயிரம் ஏக்கருக்குக் குட்டைப் பைன்கள் நிற்கும் பகுதி ஒன்று உண்டு. முதிர்ந்த மரங்களுக்கு மேலாகவே எட்டிப் பார்க்கலாம். அடிக்கடி எரிந்து எரிந்து, சீக்கிரம் காய்த்துத் தாழ வளரும் மரங்களே அங்கு மிஞ்சியிருக்கின்றன. அந்தக் காய் ஒன்றைக் கையில் எடுத்தால் கட்டை போல இருக்கும். செதில்களின் இடுக்கையெல்லாம் பிசின் அடைத்திருக்கும், நகத்தால் நெம்பினாலும் அசையாது. வெயிலோ மழையோ பல ஆண்டுகளுக்கு அதைத் திறப்பதில்லை. தீ வந்து பிசினை உருக்கினால்தான் செதில்கள் விரியும். அப்போது கீழே சருகு எரிந்து மணல் வெறுமையாகி, மேலே வெளிச்சமும் திறந்திருக்கும். இறகு வைத்த விதைகள் சரியாக அந்த நேரத்தில் போய் இறங்கும். நெருப்பு வராவிட்டால் சருகு மண்டிப் பைன் கன்றுகள் முளைக்க இடமில்லாமல், காலப்போக்கில் ஓக் மரங்கள் காட்டைப் பிடித்துக்கொள்ளும்.

மண்ணின் அமிலம் மனிதருக்கும் சோறு போட்டிருக்கிறது. இங்கே ஓடைகளின் நீர் பால் விடாத தேநீர் நிறத்தில் ஓடும். மட்கிய இலைகளின் சாயமும் இரும்பும் சேர்ந்த நிறம். அமில நீர் அடிமண்ணிலிருக்கும் இரும்பைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. காற்றுப் பட்டதும், பாக்டீரியாக்களின் உதவியோடு, அது துருவாகப் படிகிறது. தேங்கிய நீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் தெரியும். எண்ணெய் என்று தோன்றினால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் திரும்ப ஒன்றுசேரும், இந்தப் படலமோ தகடு தகடாக உடையும். படிந்து இறுகிய அந்தத் துருவை வெட்டியெடுத்து, பைன் கரியில் உருக்கித்தான் 1766இல் தொடங்கிய பேட்ஸ்டோ இரும்பாலை சட்டிபானைகளும், விடுதலைப் போருக்குப் பீரங்கிக் குண்டுகளும் வார்த்தது. கரிக்காக வெட்டிய காடு கொஞ்சமில்லை. பிறகு பென்சில்வேனியாவின் நிலக்கரி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உலைகள் அணைந்தன, ஊர்கள் காலியாயின.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தவர் எலிசபெத் ஒயிட். கிரான்பெர்ரி என்னும் புளிப்புப் பழத்தை விளைவித்த குடும்பத்துப் பெண். புளூபெர்ரிச் செடிக்கு அமில மண்தான் வேண்டும் என்று பிரெடரிக் கோவில் (Coville) என்ற தாவரவியலாளர் கண்டறிந்து எழுதியதைப் படித்து, 1911இல் அவரோடு சேர்ந்தார். காட்டுப் புதர்களை வீட்டு முற்றம் போல அறிந்திருந்த உள்ளூர்க்காரர்களிடம், சுமார் 16 மில்லிமீட்டர் துளையிட்ட அளவுகோலைக் கொடுத்தனுப்பினார். அந்த அளவுக்குப் பழுக்கும் புதரைக் காட்டினால் பணம். கண்டுபிடித்தவர் பெயரையே செடிக்கும் வைத்தார். ரூப் லீக் காட்டிய புதர் 'ரூபெல்' ஆனது, இன்றும் பயிராகிறது. 1916இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. விஞ்ஞானியின் அறிவும் காட்டுக்காரரின் கண்ணும் சேர்ந்த அறுவடை அது.

மணலுக்கு அடியிலிருக்கும் நீர் சுமார் 64 லட்சம் கோடி லிட்டர். தொழிலதிபர் ஜோசப் வார்ட்டன் 1870களிலிருந்து இங்கே நிலம் வாங்கிக் குவித்ததே இந்த நீரைக் குழாய்வழி பிலடெல்பியாவுக்கு விற்கத்தான். மாநிலச் சட்டமன்றம் தடுத்துவிட்டது. 1960களில் பெரும் விமான நிலையத் திட்டம் வந்து கைவிடப்பட்டது. 1978இல் நாட்டின் முதல் தேசியக் காப்பு நிலப்பகுதியாக இது அறிவிக்கப்பட்டது. மணல் எதையும் வடிகட்டித் தடுப்பதில்லை. மேலே கொட்டும் உரமும் சாக்கடையும் நேரே நீருக்குப் போகும். அதனால் இந்தக் காப்பு மரங்களுக்கு மட்டுமானதல்ல.

ஆனால் இந்தக் காட்டுக்கு வேண்டிய தீயை மட்டும் சட்டத்தால் காக்க முடியவில்லை. 1963 ஏப்ரலில் வறட்சியும் காற்றும் சேர்ந்த ஒரு வாரக்கடைசியில் 1,83,000 ஏக்கர் எரிந்தது, 7 பேர் மாண்டார்கள். வீடுகள் காட்டுக்குள் நெருங்கி வந்துவிட்ட இடத்தில் அப்படியொரு தீயை யாரும் விரும்ப முடியாது. ஆகவே குளிர்காலத்தில், ஈரம் இருக்கும் நாள் பார்த்து, வனத் தீயணைப்புத் துறையினரே சருகை அளவாக எரிக்கிறார்கள். ஊருக்கு அது காவல். ஆனால் அந்த மெல்லிய தீ பெரும்பாலும் தரையோடு போய்விடுகிறது. அடிச்சருகு எரிந்து மணல் வெளித்தெரிவதில்லை. கிளைகளில் காய்கள் மூடியே இருக்கின்றன.