ஊசி எங்கே போச்சு?

சென்னை காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் முடியும் நேரம். லாஞ்ச் ஓரமாக உட்கார்ந்து ஒரு பெரியவர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். படம் எடுத்து, ஒரு இணையதளத்தில் ஏற்றி, மறுவாரம் அவரிடமே காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாபா, கைல ஊசி இருந்துச்சே, எங்க போச்சு?" என்றார்.

கேமராவில் ஊசி இருந்தது. தளம்தான் தின்றுவிட்டது.

6000-க்கு 4000 புள்ளிகள் கொண்ட படத்தை அப்படியே வைத்தால் 7.2 கோடி பைட் வேண்டும். ஜேபெக் (JPEG) என்ற படச்சுருக்க முறை அதைப் பல மடங்கு சுருக்கிவிடும். 1992-இல் தரப்படுத்தப்பட்டது. அதன் உயிர்நாடியான கணக்கை 1974-இல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடன் டி. நடராஜன், கே. ஆர். ராவ்.

படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் 64 வகை அலைகளின் கலவையாக எழுதலாம். வானத்தின் வெளிச்சம் போல நிதானமாக மாறுவது மெதுவான அலை. வலைக்கண், நூல், மீன் செதில் எல்லாம் வேகமான அலை. அப்புறம்தான் தந்திரம். மெதுவான அலைகளை நகைக்கடைத் தராசில் நிறுக்கிறது ஜேபெக். வேகமானவற்றை மூட்டைத் தராசில். மூட்டைத் தராசில் ஊசியை வைத்தால் முள் அசையுமா? பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போய்விடும். பூஜ்யங்களுக்கு இடம் அனேகமாகத் தேவையில்லை, அதனால்தான் ஃபைல் இவ்வளவு சின்னதாகிறது.

நிறத்திலும் கை வைக்கும். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிக்கிற அளவுக்கு நிற வித்தியாசத்தைப் பிடிக்காது. ஆகவே பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவல்தான். நீலப் பலகையில் சிவப்பில் எழுதிய படகுப் பெயர் ஓரத்தில் கசிந்த மாதிரி தெரிவது இதனால்தான்.

ஒருமுறை சுருக்குவதோடு நின்றால் சரி, பாதகமில்லை. கேமரா ஏற்கெனவே சுருக்கிய படத்தைத் தளம் அளவு குறைத்து மறுபடி சுருக்குகிறது. அளவு மாறினால் கட்டங்கள் வேறு இடத்தில் விழும், நிறுவை முதலிலிருந்து தொடங்கும். என் ஊசி இரண்டாவது நிறுவையில் போனது.

எனவே படம் போட இடம் தேடும்போது வார்ப்புரு அழகைக் கடைசியில் பாருங்கள். ஏற்றியபின் படத்தை என்ன செய்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் சொந்த சர்வரில் நிறுவும் வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருள், 2019 முதல் அகலத்திலோ உயரத்திலோ 2560 புள்ளிகளைத் தாண்டிய படத்துக்குச் சுருக்கிய பிரதி ஒன்றைச் செய்து அதையே காட்டுகிறது. ஜேபெக் பிரதிகளுக்கு அதன் வழக்கமான தர அளவு நூற்றுக்கு 82. நீங்களே 2560-க்குள் குறைத்து, கொஞ்சம் கூர்மையேற்றி, பதிவில் 'முழு அளவு' என்று தேர்ந்தெடுத்தால் அந்தப் படத்தை அது தொடாது. சின்னத் திரைகளுக்கு மட்டும் சின்னப் பிரதி போகும்.

வேறு தளமானால், வலையோ செதிலோ நிறைந்த படம் ஒன்றை ஏற்றுங்கள். வானத்தை ஏற்றிப் பார்ப்பது வீண், அது எங்கேயும் அழகாகத்தான் இருக்கும். அதே படத்தை வேறொரு கணினியில் இறக்கி, மூலப்படத்தின் பக்கத்தில் வைத்து, முழு அளவுக்குப் பெரிதாக்கி ஊசியைத் தேடுங்கள்.