சிங்கிள் மால்ட் விஸ்கி ருசிப்பவர்கள் கவனத்துக்கு

"தினமும் குடிக்கிற ஆள் இல்ல டாக்டர், மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை ஃப்ரெண்ட்ஸோட சிங்கிள் மால்ட் டேஸ்டிங், அவ்வளவுதான்" என்று சொல்பவர்கள் என் ஓ.பி.யில் கூடிக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், கொஞ்சம் தொப்பை, எல்லையில் நிற்கும் சர்க்கரை, ஸ்கேனில் ஃபேட்டி லிவர். எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டால் மில்லிலிட்டரில் பதில் வராது, லகாவுலின், ஆர்ட்பெக், மெக்காலன் என்று விஸ்கிப் பெயர்கள்தான் வரும். ஈரல் மருத்துவனாக எனக்கு வேண்டியது அந்த மில்லிலிட்டர் கணக்கு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ருசி வித்தியாசம் எல்லாம் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஸ்காட்லாந்தில் சிங்கிள் மால்ட் என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் மால்ட் செய்த, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி மட்டுமே சேர்த்து, ஒரே ஆலையில், பானை வடிகலன்களில் வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2009-இல் வந்த விதிகள் சொல்கின்றன. அதற்குள்ளேயே ஆலைக்கு ஆலை எவ்வளவு மாறுகிறது! ஐலா தீவின் ஆர்ட்பெக், பீட் என்ற மக்கிய தாவர மண்ணை எரித்த புகையில் உலர்த்திய பார்லியைப் பயன்படுத்துகிறது, கிளாஸ்கோ பக்கத்து ஆகென்டோஷன் மூன்று தடவை வடிக்கிறது, கிளென்ஃபார்கிளாஸ் ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயை நம்பியிருக்கிறது. ஆனால் இந்த மணமும் ருசியும் தருகிற பொருட்கள் கிளாஸில் மிகமிகச் சொற்பம். மற்றதெல்லாம் தண்ணீரும் எத்தனாலும். அந்த எத்தனாலை ஈரல் அசிட்டால்டிஹைடாக மாற்றித்தான் வெளியேற்ற முடியும், பாட்டில் 12 வருஷமானாலும் 25 வருஷமானாலும் அந்த வேலை ஒன்றுதான். மதுபானங்களை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் வரிசையில் வைத்துவிட்டது, அதில் ரகத்துக்கு ரகம் விலக்கு எதுவும் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு டேஸ்டிங்கில் ஆறு ரகம், ஒவ்வொன்றும் 25 மில்லி, எல்லாம் 46 சதவீத ஆல்கஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 54 கிராம் சுத்த ஆல்கஹால். பிரிட்டனில் வாரம் முழுக்க 14 யூனிட்டுக்கு, அதாவது சுமார் 112 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், அதில் பாதி ஒரே ராத்திரியில் போய்விட்டது. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும், ஆக இரவு பத்து மணிக்கு முடித்தவர் விடிகாலையில் கார் எடுத்தால் ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கலாம். இதில் காஸ்க் ஸ்ட்ரெங்த் வேறு, அதாவது தண்ணீர் கலந்து இறக்காமல் பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே பாட்டிலில் வருவது. கிளென்ஃபார்கிளாஸ் 105 என்பது 60 சதவீதம், அதில் ஒரு 30 மில்லி சாதாரண 40 சதவீத விஸ்கியின் 45 மில்லிக்குச் சமம், ஆனால் பெக் எண்ணுகிறவர் அதையும் ஒன்று என்றுதான் எண்ணுவார்.

இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? பல பீப்பாய் விஸ்கிகளைக் கலந்து ருசியை அமைக்கும் பிளெண்டர்களுக்கு மூக்குதான் முக்கியமான கருவி. மாதிரியைத் தண்ணீர் விட்டு 20 சதவீதம் அளவுக்கு இறக்கி, வாய் குறுகிய கிளாஸில் முகர்ந்து பார்த்தே பெரும்பாலும் முடிவெடுத்துவிடுவார்கள், வாயில் வைத்தாலும் துப்பிவிடுவார்கள். தண்ணீர் விட்டால் ருசி கெடும் என்று பயப்பட வேண்டாம். புகை மணம் தரும் குவாயகால், தண்ணீர் சேரச்சேர மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017-இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணினிக் கணக்கில் காட்டினார்கள். ஆகவே 10 மில்லி ஊற்றுங்கள், தண்ணீர் சேருங்கள், நேரம் எடுத்து முகருங்கள், துப்ப ஒரு கிண்ணம் வையுங்கள், குறிப்பெழுதுங்கள். ஐந்தாவது கிளாஸை விழுங்கிய பிறகு எழுதும் ரிவ்யூவில் அந்த மால்ட்டைப் பற்றி என்ன இருக்கப் போகிறது?

அப்புறம் வண்டி. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு, அதனால் பல ஆலைகளில் வண்டி ஓட்டி வந்தவருக்கு அவர் பங்கைச் சின்னப் பாட்டிலில் கொடுத்தனுப்புகிறார்கள். நம் சட்டத்தில் அது வெறும் 30.

கர்ப்பிணிகள், ஈரல் சுருக்கம் வந்தவர்கள், மஞ்சள் காமாலையில் இருப்பவர்கள், இவர்களுக்கு 10 மில்லி கூட வேண்டாம். இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்கு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும், அதைப் போதை என்று நினைத்து பக்கத்தில் இருப்பவர்கள் படுக்க வைத்துவிடுவார்கள். வலி இல்லை, அதனால் ஈரல் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள், முக்கால்வாசி கெடும் வரைகூட அது சத்தம் போடாமல் இருக்கும். ஃபேட்டி லிவர் என்று ரிப்போர்ட் வந்திருந்தால் ரத்தப் பரிசோதனையோடு ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள். டேஸ்டிங் என்று ஆரம்பித்து இப்போது தினமும் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள், காலையில் கை நடுங்குகிறது என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம், வலிப்பு வரலாம், முதலில் ஒரு மருத்துவரிடம் வாருங்கள், மாத்திரை கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைக்க முடியும்.