புரோரேட்டா: வீதப்படி பங்கிடுதல்

நண்பர் ஒருவர் ஜூன் 12ஆம் தேதி புதிய வேலையில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30,000 ரூபாய். முதல் மாதம் வந்ததோ 19,000. பதறிப்போய் விசாரித்தவருக்குக் கிடைத்த பதில்: "புரோரேட்டா போட்டிருக்கிறோம்." அதைக் கேட்டு அவருக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். "12ஆம் தேதி முதல் 19 நாள், நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம்" என்று சொல்லியிருந்தால் அங்கேயே தெளிந்திருப்பார்.

'புரோ ராட்டா பார்ட்டே' என்பது லத்தீன் தொடர். 'கணக்கிட்ட பங்கின்படி' என்று பொருள். ராட்டா என்பதற்கு அடி 'எண்ணு, கணக்கிடு' என்னும் பொருளுள்ள லத்தீன் வினை. அதே அடியிலிருந்து வந்த இரண்டு சொற்களை நாம் நாள்தோறும் சொல்கிறோம்: காய்கறிக் கடையில் கேட்கும் 'ரேட்', அரிசி வாங்கப் போகும் 'ரேஷன்'. இந்தத் தொடரைச் சுருக்கி 'புரோரேட்' என்று வினையாக்கியது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கு. சம்பளம், வாடகை, காப்பீட்டுக் கட்டணம் என எதையும் நாளுக்கோ ஆளுக்கோ அளவுக்கோ தக்கபடி பிரிப்பதை அது குறிக்கிறது.

இதைப் 'பகிர்தல்' என்று மொழிபெயர்ப்பது சரியன்று. பகிர்வதில் அன்பு இருக்கலாம், கணக்கு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 'பங்கிடு' இன்னும் நெருங்கி வருகிறது. ஆனால் சமமாகப் பிரிப்பதும் பங்கிடுவதுதான். ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும்போது எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தொகை. கண்மாய் மராமத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பிரித்தால், நிலம் கூடியவர் கூடுதலாகக் கொடுப்பார். இரண்டாவதுதான் புரோரேட்டா.

மூன்று குடித்தனங்கள் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். மோட்டாருக்கு மின்கட்டணம் 1,400 ரூபாய். ஒரு வீட்டில் நால்வர், இன்னொன்றில் இருவர், மூன்றாவதில் தனியாக ஒரு பாட்டி. சமமாகப் பிரித்தால் பாட்டியின் தலையில் 466 ரூபாய்க்கு மேல் விழும். ஆள் கணக்கில் பிரித்தால் 800, 400, 200. பாட்டிக்கு நியாயம் கிடைப்பது இந்தக் கணக்கில்தான்.

'விழும்' என்றேன் அல்லவா? "ஆளுக்கு எவ்வளவு விழுகிறது?" என்றுதான் நாம் கேட்கிறோம். அந்த 'விழு' என்னும் வினையில் பிறந்ததே 'விழுக்காடு'. சாவு சாக்காடு ஆனதுபோல, நோவு நோக்காடு ஆனதுபோல, 'காடு' இங்கே தொழிற்பெயர் ஈறு. ஒருவர் பங்கில் விழுவது விழுக்காடு. இன்று அது நூற்றுக்கு இத்தனை என்ற பொருளில் நிலைத்துவிட்டதால், மறுபடி பழைய வேலைக்கு இழுத்தால் குழப்பம்தான் வரும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அத்தனை பொருத்தமான சொல் அது.

'வகு' என்பதையும் விட்டுவிடக் கூடாது. 'இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த வகுத்தலும் வல்ல தரசு' என்ற குறளில், சேர்த்த பொருளை இன்னதற்கு இவ்வளவு என்று அளந்து பிரிப்பதே வகுத்தல். பள்ளிக் கணக்கிலும் வகுத்தால் கிடைப்பதற்கு 'ஈவு' என்று பெயர். ஈதல் என்னும் கொடையிலிருந்து வந்த சொல். ஒரு நிறுவனத்தின் பங்குகளை வைத்திருப்பவர்களுக்கு, ஒவ்வொருவரிடமும் உள்ள பங்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரித்துத் தரும் லாபம் ஈவுத்தொகை. புரோரேட்டாவுக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

என்றாலும் இன்றைய எழுத்துக்கு 'வகு' மட்டும் போதாது. வாசிப்பவர் மனம் வகுத்தல் கணக்குக்குப் போய்விடும். 'விகிதாசார அடிப்படையில் பகிர்ந்தளித்தல்' என்று அலுவலகக் கடிதங்கள் எழுதுகின்றன. பொருள் சரி, ஆனால் வாயில் புரளாது. என் தேர்வு 'வீதப்படி பங்கிடு' என்பதுதான். 'வீதம்' எல்லோர் நாக்கிலும் இருக்கிறது: தலைக்கு இரண்டு வீதம், மூட்டைக்கு பத்து ரூபாய் வீதம். எதன் வீதம் என்பதை முன்னால் சேர்த்துவிட்டால் போதும்: நாள் வீதப்படி, ஆள் வீதப்படி, பரப்பு வீதப்படி. புரோரேட்டா என்ற சொல் அந்த 'எதன்' என்பதைச் சொல்வதே இல்லை.

நண்பரின் பணி ஆணையில் இப்படி ஒரு வரி இருந்திருக்கலாம்: "சேரும் மாதத்தின் சம்பளம் நாள் வீதப்படி வழங்கப்படும்."