வாய்க்கு வராத 'அடி'

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் நான் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அறைக்கு, பக்கவாதத்தில் பேச்சை இழந்த ஒருவரை முதல் முறை அழைத்து வந்தபோது, அவருடைய மகளின் கையில் ஒரு பழைய நோட்டு இருந்தது. பேப்பரில் வரும் குறுக்கெழுத்துக் கட்டங்களை வெட்டி ஒட்டிய நோட்டு. "நைனா ஹார்பர்ல வேலை பார்த்த காலத்துலேர்ந்து தினம் இதைப் போடுவாரு மேடம். டீக்கடையில பேப்பர் வந்தா முதல்ல இந்தப் பக்கம்தான். இப்போ பேனாவைக் கையில குடுத்தா அழுதுடுறாரு" என்றார். அவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. நடை பரவாயில்லை, வலது கை மட்டும் இன்னும் தூக்க வரவில்லை. ஒரு படத்தைக் காட்டினேன். சுவரில் ஒருவர் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். "இவரு என்ன பண்றாரு?" என்று கேட்டேன். "ஆணி" என்றார். கொஞ்சம் கழித்து "சுத்தி". அப்புறம் "செவுரு". அதோடு சரி. இடது கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். ஆணி தெரிகிறது, சுத்தி தெரிகிறது, என்ன நடக்கிறது என்பதும் தெரிகிறது. 'அடி' என்ற இரண்டெழுத்து மட்டும் வரவில்லை.

மூளையில் மொழியைக் கவனிக்கும் பகுதிக்கு இரத்தம் போகாமல் நின்றாலோ, அங்கே இரத்தக் கசிவு ஏற்பட்டாலோ இப்படி ஆகும். அஃபேசியா என்பது இதன் மருத்துவப் பெயர். பெரும்பாலானவர்களுக்கு மொழி இடது மூளையில் இருக்கிறது. வலது கை, வலது காலை நடத்துவதும் இடது மூளைதான். வலப்பக்கக் கைகால் செயலிழந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவதை நாங்கள் அதிகம் பார்ப்பது இதனால்தான். 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஒரே ஓசையைத் திருப்பிச் சொன்ன ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் சொன்னதை அந்த மனிதர் பெருமளவு புரிந்துகொண்டார், பதில் சொல்லத்தான் வார்த்தை இல்லை. அவர் இறந்த பிறகு பார்த்தபோது, இடது மூளையின் முன்பகுதியில் சேதம் இருந்தது.

புரோக்காவின் பெயரிலேயே அழைக்கப்படும் இந்த வகைப் பாதிப்பில், பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்தான் பலருக்கு அதிகம் சிக்கிக்கொள்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. அவர்கள் டம்ளரைக் காட்டி "இது என்ன?" என்கிறார்கள், சீப்பைக் காட்டி "இது என்ன?" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் அவர் முன்னாலும் அதே பரீட்சை. அறுபது வயது மனிதருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியே டம்ளர், சீப்பு எல்லாம் சொல்லிவிட்டாலும், அதைக் கொண்டு வா, தள்ளி வை, மூடு, விடு என்று சொல்ல வினை வேண்டும். வினை இல்லாமல் பேச்சு அதிக தூரம் நகராது.

அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. குறுக்கெழுத்து தயாரிப்பவர் ஒரே சொல்லுக்கு எத்தனை வழியில் குறிப்பு எழுதுகிறார்! 'அடி' அவருடைய நோட்டிலேயே பல தடவை வந்திருந்தது, ஒவ்வொரு தடவையும் வேறு குறிப்போடு. ஒன்றில் 'பாதம்', ஒன்றில் '12 அங்குலம்', இன்னொன்றில் 'குறளில் இரண்டு இருக்கும்'. தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, உயிர்மெய்யானாலும் ஒரே கட்டம்தான். அதனால் 'அடி' போன்ற சின்ன வினைகளை எந்த மூலையிலும் பொருத்திவிடலாம். நம் பத்திரிகைகளில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமில்லை. வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் போடுவார்கள். மீதமிருக்கும் இரண்டு கட்டத்தை இந்த மாதிரி சொற்கள்தான் காப்பாற்றும்.

இது தமிழுக்கு மட்டும் உரிய விஷயமில்லை. 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் முதல் குறுக்கெழுத்தைப் போட்டார். அன்றிலிருந்து ஆங்கிலத்திலும் சின்ன வினைகளுக்குத்தான் கிராக்கி. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 'செட்' என்ற மூன்றெழுத்து வினைக்குச் சுமார் 430 பொருள் கொடுத்திருக்கிறார்கள். நம் 'அடி'யை அப்படி யாராவது உட்கார்ந்து எண்ணினால் அதுவும் சளைக்காது.

நம் தெருவிலேயே பாருங்கள். மணி அடிக்கிறோம், ஹாரன் அடிக்கிறோம், விசில் அடிக்கிறோம்: இங்கே அடி என்றால் ஒலி எழுப்பு. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறோம்: பூசு. ஜெராக்ஸ் அடி, போஸ்டர் அடி: அச்சிடு. திருப்பதிக்குப் போய் மொட்டை அடிக்கிறோம்: மழி. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காசிமேட்டுப் பக்கம் போனால் கருவாட்டு வாசனை அடிக்கிறது, ஆனால் இங்கெல்லாம் யாரும் யாரையும் அடிக்கவில்லை. வியாசர்பாடி மைதானத்தில் கோல் அடிக்கிறார்கள். படம் போர் அடிக்கிறது. பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள். மாமாவுக்கு ஒரு போன் அடி என்கிறோம். சோறு அடி பிடித்துவிட்டால் அது வேறு அடி. ஆனைக்குச் சறுக்குவது இன்னொரு அடி. அம்மியை நகர்த்துவதும் அடிமேல் அடிதான்.

தேர்ந்த குறுக்கெழுத்துக்காரர் இரண்டு பொருளை ஒரே குறிப்பில் முடிச்சுப் போடுவார். நானே ஒன்று செய்து பார்த்தேன்: 'வாங்கினால் வலிக்கும், அளந்தால் 12 அங்குலம்'. எழுத்தைப் பிரித்து விளையாடும் வகையும் உண்டு. 'அலையின் தொடக்கமும் நொடியின் முடிவும் சேர்ந்தால் விழும்': அலையிலிருந்து 'அ', நொடியிலிருந்து 'டி'. 'மை தீர்ந்த அடிமைக்குக் கிடைப்பது' என்றும் எழுதலாம். பேச்சை இழந்தவருக்கு ஆரம்பத்தில் இதெல்லாம் வேண்டாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பொறுமையை. ஒரு பக்கத்தால் சொல் வராவிட்டால் 'இவருக்குத் தெரியவில்லை' என்று முடிவு கட்டாமல், அதே சொல்லை வேறு பக்கத்தால் காட்டுவது.

அதையே செய்தோம். ஆணிப் படத்தை எடுத்து வைத்துவிட்டேன். "கோயில்ல மணி...?" என்று நிறுத்தினேன். வரவில்லை. "இன்னைக்கு வெயில் நல்லா...?" உதடு அசைந்தது, ஓசை இல்லை. மகள் சொன்னார், நைனா கேரம் நல்லா ஆடுவாராம். கேரம் என்றால் இந்தப் பக்கத்தில் உயிர். 2024-ல் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். சரி என்று, விரலைச் சுண்டுவது போல் வைத்துக்கொண்டு "ஸ்ட்ரைக்கரால ரெட் காயினை...?" என்றேன். நான் நிறுத்துவதற்குள் "அடி" என்று வெளியே வந்துவிட்டது. அவரே அதைக் காதால் கேட்டுத் திகைத்துப் போனார். "அடி. அடி." பிறகு, மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த படத்தைத் தானே திருப்பி, "ஆணி... அடி" என்றார்.

ஒரு சொல்லோடு வேறு பல சொற்கள், காட்சிகள், கை அசைவுகள், பழக்கங்கள் எல்லாம் மூளையில் பின்னிக் கிடக்கின்றன. பாதிப்பு ஒரு பக்கத்து இழைகளை அறுத்திருந்தாலும் இன்னொரு பக்கத்து இழை மிஞ்சியிருக்கலாம். எந்த இழை மிஞ்சியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த மனிதரின் வாழ்க்கையை அறிந்த வீட்டாருக்குத்தான் தெரியும். அதனால்தான் வீட்டாரை அறைக்கு வெளியே உட்கார வைக்காமல் உள்ளே கூப்பிடுகிறேன்.

அன்றைக்கு அடுத்த குறிப்பாக நான் "தண்ணி..." என்று ஆரம்பித்தேன். மனதில் இருந்தது தெருவோரத்து அடிபம்பு. மகள் முகம் சட்டென்று மாறிவிட்டது. அப்புறம் அவர் சொன்னதை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கவாதம் வந்த ராத்திரி, பத்து மணி இருக்கும், அவர் குழறிக் குழறிப் பேசிக்கொண்டு தள்ளாடி வீட்டுக்கு வந்திருக்கிறார். தெருவில் பார்த்தவர்கள் "தண்ணி அடிச்சிட்டு வந்திருப்பாரு, தூங்கினா சரியாப் போயிடும்" என்றார்கள். அவர் குடிக்கிறவரே இல்லை. ஆனாலும் வீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் வாய் கோணி, வலது கை கிடையாகக் கிடந்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து போட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

பேச்சு திடீரென்று குழறினால், வாய் ஒரு பக்கம் இழுத்தால், இரண்டு கையையும் தூக்கச் சொல்லும்போது ஒன்று கீழே இறங்கினால், 108-ஐக் கூப்பிடுங்கள். இரத்தக் கட்டியால் வந்த பக்கவாதம் என்றால், அதைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். குழாய் விட்டுக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சைக்குச் சிலருக்கு இன்னும் கூடுதல் நேரம் கிடைக்கலாம், எல்லாருக்கும் அல்ல. அதனால் கடைசியாக எத்தனை மணிக்கு அவர் சரியாக இருந்தார் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பதே அதைத்தான். சோடா கொடுப்பது, காலைத் தேய்ப்பது, தூங்க வைத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். குடித்திருக்கிறார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும் கூட்டிக்கொண்டு போங்கள், குடித்தவருக்கும் பக்கவாதம் வரும்.

குறுக்கெழுத்து போட்டால் பக்கவாதம் வராதா என்று சிலர் கேட்கிறார்கள். வராமல் தடுக்க வேண்டுமென்றால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், பீடி சிகரெட்டை விட வேண்டும். தினமும் கட்டம் நிரப்பிய இவருக்கே வந்ததே.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த வழி உதவும். வண்ணாரப்பேட்டையில் பூ விற்ற ஒரு பாட்டியம்மா. பூச்சரத்தைக் காட்டி, நூலைக் காட்டி, "என்ன செய்வீங்க?" என்று கேட்டுப் பார்த்துவிட்டோம், 'கட்டு' வரவேயில்லை. நாற்பது வருஷம் செய்த தொழில், அந்தக் கை இப்போது ஓடவில்லை. அந்தச் சொல்லைத் தொட்டாலே கண் கலங்கிவிடும். அதனால் பூவை விட்டுவிட்டு, சீட்டு, சேலை, கரண்ட் பில் என்று சுற்றி வந்தோம். ஒரு நாள் பேத்தி தற்செயலாக, "ஆயா, ஸ்கூல்ல ஃபீஸ் கேக்குறாங்க" என்றாள். "கட்டு... கட்டணும்" என்றார் பாட்டி. குடும்பத்துக்காக வாழ்ந்தவருக்கு அந்தக் கவலை வழியாகத்தான் சொல் வந்தது. 'பூ கட்டு' என்று சொல்வதற்கு அதன் பிறகு இரண்டு மாதம் ஆனது.

வீட்டில் செய்யும்போது சிலவற்றைக் கவனியுங்கள். கேட்டுவிட்டு உடனே பதிலை நீங்களே சொல்லாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முதலில் ஒரு சூழ்நிலையைச் சொல்லுங்கள், பிறகு பாதி வாக்கியம், பிறகு கை அசைவு. எதற்கும் வராவிட்டால்தான் 'அ...' என்று முதல் ஓசை. அதற்கும் வரவில்லையா, சொல்லை நீங்கள் சொல்லுங்கள், அவர் திருப்பிச் சொல்லட்டும், அன்றைக்கு அது போதும். அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, கத்த வேண்டாம். 'அடிக்கிறது' என்று ஏட்டுத்தமிழில் எதிர்பார்க்காதீர்கள், 'அடிக்குது'தான் அவர் வாயில் பழகியது. வடசென்னையில் தெலுங்கோ உருதோ பேசும் வீடுகள் நிறைய. அங்கே அந்த மொழியில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

சிலருக்கு வேறெதுவும் வராமல் கெட்ட வார்த்தை மட்டும் சரளமாக வரும். குடும்பத்தார் கூனிக் குறுகிப் போகிறார்கள். அது அவர் வேண்டுமென்று சொல்வதில்லை. ஒன்று இரண்டு எண்ணுவது, சாமி பாட்டு, திட்டு இவையெல்லாம் யோசிக்காமல் தானாக வரும் பேச்சு. மற்றது அழிந்தாலும் இது பெரும்பாலும் தங்கிவிடும். குழந்தைகளை அங்கிருந்து விரட்டாதீர்கள். தாத்தாவின் கோபம் அவர்கள்மேல் இல்லை என்று சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நிரந்தரமாகிவிட்ட அஃபேசியாவைப் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. கைகால் சரியாகிவிட்டதே என்று விட்டுவிடாமல், பேச்சுக்காகவும் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம். பேச்சுப் பயிற்சிக்கு யாரிடம் போனாலும், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

நோட்டுக்காரர் இப்போது இடது கையால் எழுதப் பழகியிருக்கிறார். பெரிய கட்டங்கள் இன்னும் முடியவில்லை. மகள் தினமும் ஒரு வினையை எடுத்துக்கொண்டு ஐந்தாறு குறிப்பு எழுதி வைக்கிறார். போன வாரம் அப்பாவே குறிப்புக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாராம். என் முன்னாலும் செய்து காட்டினார். "தண்ணி" என்றார், இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு கட்டம். "அடி" என்றார் மகள். இல்லை என்று தலையாட்டினார். "விடு?" அதுவும் இல்லை. லாரிக் குழாய்க்குக் கீழே குடத்தை வைத்துச் சாய்ப்பது போல் இடது கையால் காட்டி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்கு வரவில்லை.

"பிடி" என்றார்.